பப் இல்லாத மதுரையில ஜோடியா ராத்திரி எங்க போறது?

பெங்களூர்ல இருந்து மாத்தலாகி வந்திருக்கோம், ரெண்டு பேருக்கும் ஐடி வேலை, அங்க சனிக்கிழமை ஆனா பப்பு, லைவ் மியூசிக், பிளீ மார்க்கெட்னு போவோம், மதுரையில எட்டு மணிக்கு மேல என்ன பண்றதுன்னே தெரியல, மால்ல சுத்திச் சுத்தி அலுத்துப்போச்சு, ஜோடியா வெளிய போக ஏதாச்சும் இருக்கா, ராத்திரி பொண்ணோட போறது சேஃபா, அதோட எனக்கு கூட்டம்னா உசுரு அவருக்கு கூட்டம்னா ஆகாதுன்னு கேட்டிருக்கீங்க. இருக்கு தங்கச்சி, நிறையவே இருக்கு. நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்து கல்யாணமும் இங்கயே கட்டி, இன்னைக்கும் வாரத்துல ஒருநாளாவது நானும் எங்க வீட்டுக்காரரும் ராத்திரி வண்டிய எடுத்துட்டு கிளம்புற ஆளுங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நீங்க பழகுன ஊர்ல ராத்திரிங்கறது ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கும், எட்டு மணிக்குப் போனாலும் பத்து மணிக்குப் போனாலும் அதே இடம் அதே பாட்டு. மதுரையில அப்படி இல்ல, இங்க ராத்திரி தெருவுல இருக்கு, அதுவும் மணிக்கு மணி இடம் மாறிக்கிட்டே இருக்கும். ஆறு மணிக்கு கலகலன்னு இருக்குற முக்கு ஒன்பது மணிக்கு வெறிச்சோடிப் போயிரும், ஒன்பது மணிக்கு பூட்டிக் கிடக்குற இடம் ரெண்டு மணிக்கு திருவிழா மாதிரி இருக்கும். சங்க காலத்துப் பாட்டான மதுரைக்காஞ்சியில பகல்ல நடக்குற நாளங்காடி, ராத்திரியில நடக்குற அல்லங்காடின்னு ரெண்டு கடைவீதியையும் சொல்லிட்டு, ராத்திரிய யாமம் யாமமா பிரிச்சு எந்த யாமத்துல ஊர்ல என்ன நடக்குதுன்னு மாங்குடி மருதனார் பாடி வச்சிருக்காரு, ஊர் இன்னும் அந்தக் கணக்குலதான் ஓடுதுன்னு எனக்குத் தோணும். அதனால எங்க போறதுன்னு மட்டும் கேக்காதீங்க, எத்தனை மணிக்கு எங்கன்னு கேளுங்க, எந்த மாசத்துலன்னும் கேளுங்க. அது பிடிபட்டுட்டா இந்த ஊர்ல ரெண்டு பேருக்கு போரடிக்கவே அடிக்காது.

சாயங்காலத்துல இருந்து வர்றேன். அஞ்சரை ஆறு மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645ல திருமலை நாயக்கர் வெட்டுன குளம், நடுவுல மைய மண்டபம், முன்னாடியெல்லாம் வருசத்துல பாதி நாள் காஞ்சு கிடந்து பசங்க உள்ள கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பாங்க, கொஞ்ச வருசமா வைகைத் தண்ணிய வாய்க்கால் வழியா கொண்டுவந்து தேக்குறாங்க, அதுல இருந்து அந்தப் பக்கம் முகமே மாறிப்போச்சு. குளத்தைச் சுத்தி நாலு பக்கமும் சாப்பாட்டுக் கடைங்க, கைச்சுவர்ல ஜோடி ஜோடியா உக்காந்திருப்பாங்க, குடும்பமாவும் இருப்பாங்க, யாரும் யாரையும் உத்துப் பாக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு கூட்டம் ஆகாதுன்னீங்களே, அவருக்கு தோதான இடம் இதுதான், ஏன்னா கூட்டம் ஒரே இடத்துல குமிஞ்சு நிக்காது, நாலு கரையிலயும் பரவி இருக்கும், காத்து வரும். ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு செவ்வா புதன்னு ஒரு வேலைநாள்ல போய்ப் பாருங்க. போற வழியில எங்கயாச்சும் முள்ளு முருங்கை வடை போடுறாங்களான்னு பாத்து வாங்கிக்கங்க. முள்ளு முருங்கை இலையையும் அரிசியையும் அரைச்சு பச்சைக் கலர்ல பூரி மாதிரி தட்டி எண்ணெய்ல போட்டு எடுத்து மேல பொடி தூவித் தருவாங்க. சாயங்காலம் மட்டுந்தான் கிடைக்கும், ஏழரைக்கு மேல போனா சட்டி காலியாத்தான் இருக்கும்.

ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் கடைவீதி நேரம். இங்க மால் மாதிரி ஒரே கூரைக்குள்ள எல்லாம் இருக்காது, கோயிலைச் சுத்தி வட்டம் வட்டமா வீதிங்க, உள்ள இருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதின்னு வரிசையா, ஒவ்வொரு வீதிக்கும் ஒரு சரக்கு. கீழமாசி வீதி மொத்த மளிகை, தெற்குமாசி வீதி, விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் ஜவுளி, தெற்காவணி மூல வீதி நகைக்கடை, வெண்கலக்கடைத் தெருன்னு பேர்லயே இருக்கு. வீட்டுக்கு சாமான் சேக்குற நேரம் உங்களுக்கு, அதனால இதை ஒரு வேலையா நினைக்காம ஒரு வாரம் ஒரு வீதின்னு வச்சுக்கிட்டு போங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது சுங்குடி தேடிப் போறது. சௌராஷ்டிர மக்கள் கையால ஒவ்வொரு புள்ளியா முடிச்சுப் போட்டு சாயத்துல முக்கி எடுக்குற சேலை, 2005லயே புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, ஆனா இன்னைக்கு கடைகள்ல சுங்குடின்னு வச்சிருக்குறதுல முக்காவாசி பிரிண்டு போட்டது. துணிய விரிச்சு அந்தப் புள்ளியத் தடவிப் பாருங்க, கைமுடிச்சுல புள்ளி கொஞ்சம் மேடா துருத்திக்கிட்டு இருக்கும், ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா இருக்காது. கடைக்காரர்கிட்ட முடிச்சு போட்டதுதான் வேணும்னு கேட்டா உள்ள இருந்து எடுத்துட்டு வருவாரு. வீட்டுக்காரரை சும்மா பை தூக்க கூட்டிட்டுப் போகாதீங்க, அவரையும் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க, நீங்க அவருக்கு வேட்டி எடுங்க. சேலை எடுக்க ரெண்டு பேரும் தரையில பாய் விரிச்ச கடையில உக்காந்து அரைமணி நேரம் பேசிப் பேசி எடுக்குறதுல இருக்குற சுகம் ஆன்லைன்ல கிடைக்காது, நெசமாத்தான் சொல்றேன்.

புது மண்டபத்தைப் பத்தி பழைய ஆளுங்க சொல்லி கேள்விப்பட்டிருப்பீங்க, கல்தூணுக்கு நடுவுல தையல்காரங்க, பாத்திரக்கடை, புத்தகக்கடைன்னு. அந்தக் கடைங்களை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, மண்டபத்துக்குள்ள போய்த் தேடி அலையாதீங்க. சத்திரத்துல போய் துணிய குடுத்து அளவு சொல்லிட்டு கோயில் வீதிய ஒரு சுத்து சுத்திட்டு வந்தீங்கன்னா சின்னச் சின்னத் தையல் வேலையெல்லாம் முடிச்சு வச்சிருப்பாங்க.

எட்டரை மணிக்கு மேல சித்திரை வீதி. இதை மட்டும் தயவுசெஞ்சு பகல்ல போகாதீங்க, வெயில்ல கல்லு காலைப் பொத்துப் போட்டுரும். ராத்திரியில அந்த நாலு வீதியும் இருக்கே, வண்டி எதுவும் விடமாட்டாங்க, கல்லு பாவியிருக்கும், நாலு பக்கமும் கோபுரத்துல வெளிச்சம் அடிச்சிருப்பாங்க, ஒரு சுத்து நடக்க பைய நடந்தா அரைமணிக்கு மேல ஆகும். இந்த ஊர்ல புருசன் பொண்டாட்டி பேச வேண்டியதை எல்லாம் இந்த வீதியிலதான் பேசி முடிக்கும், வீட்டுல பெரியவங்க இருக்குற கூட்டுக்குடும்பத்துல இருந்து வர்ற ஜோடிங்களுக்கு இது ஒண்ணுதான் தனியா இருக்க கிடைக்குற இடம். சண்டை போட்டுட்டு வர்ற ஜோடியும் இருக்கும், எதிரும் புதிருமா நடந்துட்டு ரெண்டாவது சுத்துல சேந்து நடப்பாங்க. வண்டிய வடக்காவணி மூல வீதியில பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்துல மாடி பார்க்கிங் கட்டியிருக்காங்க, அங்க விட்டுருங்க, சந்துக்குள்ள நிறுத்துனா திரும்பி வரும்போது எடுக்க முடியாது.

கோயிலுக்குள்ள போறதா இருந்தா போனை வெளிய பாதுகாப்பு அறையில குடுத்துட்டுத்தான் போகணும், 2018ல இருந்து உள்ள செல்போனுக்கு அனுமதி இல்ல. எனக்கு அது நல்லதாத்தான் படுது, ரெண்டு பேரும் கையில போன் இல்லாம ஒரு மணி நேரம் சேந்து இருக்குறது வேற எங்க நடக்குது சொல்லுங்க. சாமி கும்புடுற பழக்கம் இருந்தா ரெண்டு நேரம் சொல்றேன். ஒண்ணு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்துல ஊஞ்சல் மண்டபத்துல மீனாச்சியையும் சொக்கரையும் ஊஞ்சல்ல வச்சு ஆட்டுவாங்க. இன்னொண்ணு ராத்திரி பள்ளியறை பூசை, நடை சாத்துறதுக்கு முன்னாடி, சொக்கநாதரோட பாதத்தை பல்லக்குல வச்சு தூக்கிட்டு அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவாங்க. கவனிங்க, சாமிதான் அம்மன் வீட்டுக்குப் போறாரு, இது மதுரை, இங்க மீனாச்சி ஆட்சிதான். கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் சேந்து பள்ளியறை பூசை பாக்கணும்னு எங்க வீடுகள்ல பெரியவங்க சொல்லி அனுப்புவாங்க. தாளம், சங்கு, கொஞ்சம் பாலு, ஆளுங்க கம்மியாத்தான் இருப்பாங்க, கூட்டம் ஆகாதவரும் வரலாம். ஒன்பதுக்கே உள்ள போயிருங்க.

இப்ப சாப்பாடு. இதுக்குத்தான் நேரம் ரொம்ப முக்கியம். ஜோடியா போறதுல ஒரு பெரிய வசதி, எதையுமே ஒண்ணு வாங்கி பாதிப் பாதி சாப்பிடலாம், அப்பத்தான் ஒரே ராத்திரியில நாலஞ்சு கடை பாக்க முடியும், ஒரே கடையில உக்காந்து வயித்தை நெறைச்சுட்டா ஊரையே விட்டுட்டீங்கன்னு அர்த்தம். கறிதோசை ஒண்ணு, சிம்மக்கல் பக்கம் கோனார் கடையில கேளுங்க, கனமான தோசை மேல முட்டைய ஊத்தி அதுக்கு மேல மட்டன் கைமாவ பரப்பி திருப்பிப் போட்டு எடுப்பாங்க, ஒண்ணே ரெண்டு பேருக்குத் தாங்கும். அயிரை மீன் குழம்பு கிடைச்சா விடாதீங்க, விரல் நீளம் கூட இல்லாத மீனு, முள்ளோட அப்படியே சாப்பிடலாம், விலை கூடத்தான், ஆனா அது மதுரைப் பக்கத்து ருசி. பன் பரோட்டா சாத்தமங்கலம் பக்கம், கல்லுல வட்டமா உப்பலா பன்னு மாதிரி இருக்கும், சால்னாவ ஊத்தி ஊற வச்சு சாப்பிடணும். சைவம்னா கவலையே இல்ல, தெருவோரத்துல இட்லிக் கடை போட்டு ஆவி பறக்க எடுத்து வைப்பாங்க, அதுக்கு தண்ணிச் சட்னி. தேங்கா போட்ட கெட்டிச் சட்னிய மட்டும் சாப்பிட்டுப் பழகுனவங்களுக்கு முதல் நாள் என்ன இது இம்புட்டு தண்ணியா இருக்குன்னு தோணும், பச்சை மிளகா உறைப்போட இட்லிய முக்கி எடுத்து நாலு வாய் சாப்பிட்டதும் தெரியும்.

ஜிகர்தண்டாவ எல்லாரும் சொல்லியிருப்பாங்க, சுண்டக் காச்சுன பாலு, பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேல அவங்களே செஞ்ச ஐஸ்கிரீம். விளக்குத்தூண்ல குடிச்சிட்டீங்கன்னா போதும். நான் சொல்ல வந்தது பருத்திப்பால். பருத்திக்கொட்டைய ஊறவச்சு ஆட்டி பாலெடுத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்கா, தேங்காப்பூ போட்டுக் காச்சுனது, தள்ளுவண்டியில பெரிய பித்தளைப் பானையில வச்சு நிப்பாங்க, சாப்பாடு முடிச்சு பத்தரை பதினொரு மணிக்கு ரோட்டோரத்துல நின்னு சுடச்சுட ஊதி ஊதி ஆளுக்கொரு டம்ளர் குடிச்சா நெஞ்சுக்கு அம்புட்டு இதமா இருக்கும், மார்கழி தை குளிர்ல கேக்கவே வேணாம். ஜிகர்தண்டா வந்த விருந்தாளிக்கு, பருத்திப்பால் ஊர்க்காரங்களுக்கு, அப்படித்தான் எங்க வீட்டுல வச்சிருக்கோம். இனிப்பு வேணும்னா ஸ்டேஷன் பக்கத்துல பிரேம விலாஸ்ல கோதுமை அல்வா, பொட்டலம் கட்டி வீட்டுக்கு வாங்கிட்டுப் போறது பெருசு இல்ல, கொஞ்சமா சூடா இலையில வாங்கி அங்கயே நின்னு சாப்பிடுறதுதான் முறை.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். தூங்கா நகரம்னு சொல்றாங்களே தவிர முன்னாடி மாதிரி விடிய விடிய எல்லா தெருவுலயும் கடை இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. பதினொண்ணு பதினொன்னரைக்கு மேல நெறைய தெருவுல ஷட்டரை இறக்கிருவாங்க, அதுக்கப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், மாட்டுத்தாவணின்னு பயணிங்க வந்து போற இடத்தைச் சுத்தித்தான் வெளிச்சம் இருக்கும். பார்னு கேட்டா ஸ்டார் ஓட்டல்ல இருக்கு, ஜோடியா உக்கார முடியும், அது ஒரு ஓட்டல் அனுபவம் அவ்வளவுதான், அதுக்காக இந்த ஊருக்கு வர வேண்டியதில்ல. அதுக்குப் பதிலா எதாச்சும் விசேஷ நாள்னா மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில சில ஓட்டல்கள்ல மொட்டைமாடியில சாப்பாட்டுக்கூடம் இருக்கு, கோபுரம் மொத்தமும் கண்ணு முன்னாடி தெரியும், சாப்பாடு சுமாராத்தான் இருக்கும் சில இடத்துல, ஆனா காத்தும் காட்சியும் அதுக்கு ஈடு கட்டிரும். இன்னும் கொஞ்சம் செலவு பண்ணலாம்னா பசுமலை மேல இருக்குற ஓட்டல், ஊரு முழுசும் கீழ விளக்கா தெரியும்.

அப்புறம் நான் எல்லா புது ஜோடிக்கும் சொல்றது, ஒரே ஒரு தடவையாச்சும் ராத்திரி தூங்காம இருந்து மாட்டுத்தாவணிய பாத்துருங்க. ஒரு மணி ரெண்டு மணிக்கு காய்கறி மார்க்கெட்டுல லாரி வந்து இறங்க ஆரம்பிக்கும், மூட்டை தூக்குறவங்க ஓட்டமும் நடையுமா போவாங்க, அவங்க வழிய மறிக்காம ஓரமா நில்லுங்க, டீக்கடை எல்லாம் அப்பத்தான் சூடு பிடிக்கும். அப்படியே பொழுது விடிய விடிய பூ மார்க்கெட்டு. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்னு சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் வெள்ளன எந்திரிச்சு மொட்டாவே பறிச்சு சாக்குலயும் கூடையிலயும் கட்டி கொண்டுவருவாங்க, சாயங்காலம் தலையில வச்சதுக்கப்புறந்தான் அது விரியணும், அதனால மார்க்கெட்டுல நீங்க பாக்குறது பூ இல்ல, மொட்டு. குமிச்சு வச்சிருக்குற மொட்டு மேல கைய வச்சா சில்லுன்னு இருக்கும். வெயில் காலத்துல வெளைச்சல் கொழிக்கும், விலை இறங்கிரும், பனிக்காலத்துல வெளைச்சல் சுருங்கிப்போய் முகூர்த்த நாளும் சேந்துட்டா கிலோ ஆயிரக்கணக்குல ஏறும், காலையில ஒரு விலை பத்து மணிக்கு ஒரு விலை. சில்லறையா வாங்கணும்னா கால் கிலோ உதிரி வாங்கி வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து கட்டிப் பாருங்க, வீட்டுக்காரருக்கு கட்டத் தெரியலைன்னா நாரை ஒரு பக்கம் பிடிச்சுக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் இப்ப என்னையவிட நெருக்கமா கட்டுவாரு.

சேஃபான்னு கேட்டதுக்கு வர்றேன். ஆளு நடமாட்டம் இருக்குற வீதியில பத்து பத்தரை வரைக்கும் எனக்கு பயம் இருந்ததே இல்ல, பூ விக்கிற அக்காங்க, வளையல் கடை, பெண்கள் நிறையப் பேர் இருப்பாங்க. வைகைக் கரையோர ரோடு, வெளிச்சம் இல்லாத ரிங் ரோடு பக்கமெல்லாம் நடுராத்திரியில வண்டிய நிறுத்தி உக்காந்து பேசாதீங்க, ஜோடின்னா வம்பு பண்றவன் எந்த ஊர்லயும் இருக்கான். ரோந்து போலீஸ் நிறுத்திக் கேட்டா பதட்டப்படாம பதில் சொல்லுங்க, ஒரு அடையாள அட்டை கையில இருக்கட்டும், 112ம் பெண்கள் உதவிக்கு 181ம் போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க. கை கோத்து நடக்குறதெல்லாம் இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, கோயில் வாசல்ல மட்டும் கொஞ்சம் பெரியவங்க பாப்பாங்க. இன்னொண்ணு, இதை யாரும் எழுத மாட்டாங்க, கோயிலைச் சுத்தின பழைய ஊர்ல ராத்திரி நேரம் பெண்களுக்கு பாத்ரூம் தேடுறது பெரும்பாடு. அதனால சுத்த ஆரம்பிக்கும்போதே எந்த இடத்துல உக்காந்து சாப்பிடுற ஓட்டல் இருக்குன்னு பாத்து வச்சுக்கிட்டு நடுவுல அங்க ஒரு காபி குடிக்கிற மாதிரி பாதைய போட்டுக்கங்க. வீட்டுக்காரர் இதை ஞாபகம் வச்சிருந்தாலே உங்க ராத்திரி பாதி நல்லா போகும்.

லைவ் மியூசிக், நாலு பேரைப் பாக்குற நிகழ்ச்சிக்கெல்லாம் ஏங்குறீங்க, அதுவும் இருக்கு, ஆனா போஸ்டர் பாக்கணும். தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹால்ல கச்சேரி, நாடகம், ராஜா முத்தையா மன்றத்துல பட்டிமன்றம், தமுக்கத்துல புத்தகக் கண்காட்சி. நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலைல திறந்தாங்க, ஏசி, உக்காந்து படிக்க இடம், கூட்டம் ஆகாத மனுசனுக்கு சொர்க்கம், அவரை அங்க விட்டுட்டு நீங்க கடைவீதிக்குப் போயிட்டு வந்து கூட்டிக்கலாம். உங்க வயசு ஆளுங்க பழக்கம் வேணும்னா எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஆரம்பிச்ச பசுமை நடையப் பத்தி விசாரிங்க, யானைமலைய காப்பாத்தணும்னு எழுந்த அக்கறையில இருந்து வந்தது, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் சேந்து கிளம்பி சுத்துப்பட்டுல இருக்குற சமணர் படுகை, பழைய கல்வெட்டுன்னு போய் பாத்து, தெரிஞ்சவங்க விளக்கிச் சொல்லக் கேட்டு, மரத்தடியில உக்காந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டு கலையுற நடை. குடும்பம், காலேஜ் பசங்க, ரிட்டயர் ஆனவங்கன்னு கலந்து வருவாங்க, புது ஊர்ல சிநேகிதம் பிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

மாசக் கணக்குன்னு சொன்னேனே, அதைச் சுருக்கமா சொல்லிடறேன். தைப்பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, பெண்கள் உக்கார இடம் கிடைக்குதான்னு முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க. தைப்பூசத்தன்னைக்கு தெப்பத் திருவிழா, முதல்ல சொன்ன வண்டியூர் தெப்பக்குளத்துல மீனாச்சியும் சொக்கரும் தெப்பத்துல சுத்தி வர்றதை கரையில நின்னு ராத்திரி பாக்கணும். ரமலான் மாசத்துல காஜிமார் தெரு, நெல்பேட்டைப் பக்கம் சாயங்காலம் போனா நோன்புக் கஞ்சியும் சமோசாவும் கறி வடையும். கிறிஸ்மஸ் ராத்திரி கீழவெளி வீதி மரியன்னை பேராலயம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி விளக்குத்தூண், தெற்குமாசி வீதியில பிளாட்பாரக் கடை எல்லாம் விடிய விடிய இருக்கும், விடியக்காலம் மிச்சச் சரக்கை கூவிக் கூவி வித்துத் தீப்பாங்க, அந்த நேரத்துக்குன்னே காத்திருந்து எடுக்குற ஏழைபாழைங்க எம்புட்டோ பேரு, அவங்களோட போட்டி போட்டு விலைய அடிச்சுப் பேசாதீங்க, சும்மா நடந்து பாத்துட்டு வாங்க.

எல்லாத்துக்கும் மேல சித்திரைத் திருவிழா. கொடியேத்தத்துல இருந்து ராத்திரி ராத்திரி மாசி வீதியில சாமி புறப்பாடு, அதுக்கு முன்னாடி கோலாட்டம், வேசம் கட்டுன குழந்தைங்க, வீட்டு வாசல்ல பாய் போட்டு உக்காந்து பாக்குற சனம். திருக்கல்யாணத்தன்னைக்கு காலையில மீனாச்சிக்கு தாலி ஏறுற நேரத்துல ஊர்ல இருக்குற கல்யாணமான பொம்பளைங்க எல்லாம் மஞ்சக்கயிறு மாத்திக்குவாங்க, உங்களுக்கு தல வருசம்னா கண்டிப்பா மாத்திக்கங்க, சேதுபதி ஸ்கூல்ல கல்யாண விருந்து நடக்கும், சாப்பிட்டு மொய் எழுதிட்டு வரலாம், நெசக் கல்யாணத்துக்கு எழுதுற மாதிரியே சனம் எழுதும். அதுக்கு அப்புறம் தேர். அப்புறம் அழகர்கோயில்ல இருந்து வர்ற பெருமாளான அழகரை தல்லாகுளத்துல சனம் எதிர்கொண்டு வரவேக்குற எதிர்சேவை, சித்ரா பௌர்ணமியன்னைக்கு விடியக்காலம் அழகர் வைகை ஆத்துல இறங்குறது. ஆத்துல இறங்குறதோட எல்லாரும் கிளம்பிருவாங்க, நீங்க அப்படி போயிராதீங்க, மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்துல தசாவதாரம், அழகர் ஒவ்வொரு அவதாரமா அலங்காரம் மாத்தி மாத்தி விடிய விடிய காட்சி குடுப்பாரு. மதுரையோட நிஜமான ராத்திரி வாழ்க்கை எதுன்னு கேட்டா நான் அந்த ராத்திரியத்தான் சொல்லுவேன், ஆத்து மணல்ல குடும்பம் குடும்பமா துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டு, அலங்காரம் மாறும்போது ஒருத்தரை ஒருத்தர் எழுப்பிவிட்டு பாத்துக்கிட்டு இருப்பாங்க.

இங்கதான் உங்க ரெண்டு பேர் பிரச்சினை வரும், நீங்க உள்ள இறங்கணும்பீங்க, அவரு வீட்டுலயே இருக்கேன்பாரு. கட்டாயப்படுத்தி ஆத்துக்கு இழுத்துட்டுப் போகாதீங்க, அழகர் இறங்குற இடத்துல நெரிசல் உசுருக்கே ஆபத்து, கூட்டம் ஆகாதவருக்கு மூச்சு முட்டிப்போகும். எதிர்சேவைக்கு ரெண்டு பேரும் சேந்து போங்க, தல்லாகுளம் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டு மாடி கிடைச்சா அவரு மேல இருந்து பாக்கட்டும், நீங்க கீழ தண்ணி பீச்சுறவங்க நடுவுல நனைஞ்சுட்டு வாங்க. தசாவதாரத்துக்கு அவரை கூட்டிட்டுப் போங்க, அங்க கூட்டம் உக்காந்திருக்கும், நெருக்காது. ஆத்துல இறங்குறதைப் பாக்க நீங்க அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களோட செட்டா போயிட்டு வாங்க. எங்க எத்தனை மணிக்கு சந்திக்கிறதுன்னு கிளம்பும்போதே ஒரு கடைப் பேரை சொல்லி முடிவு பண்ணிக்கங்க, அந்தக் கூட்டத்துல போன் லைன் கிடைக்காது, நகையக் கழட்டி வீட்டுல வச்சுட்டு, பழைய செருப்பா ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் போங்க.